பவுல் மாமா வீட்டு மீன் தலைகள்

எனக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். அதிலும் துப்பாக்கி, கார் துரத்தல், வெளிநாட்டுச் சதி எல்லாம் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஒருத்தி இருக்க வேண்டும். ஊறுகாய் போட்டு விற்கிறவளோ, அழகு நிலையம் வைத்திருக்கிறவளோ, ரிட்டயர் ஆன டீச்சரோ, யாரோ ஒருத்தி. அவள் தெருவில் ஒருத்தன் செத்துக் கிடப்பான். இன்ஸ்பெக்டர் முழித்துக்கொண்டு நிற்பார். இவள் காபியை ஆற்றிக்கொண்டே, "ஆமா, அந்த ஜன்னல் ஏன் திறந்திருந்தது?" என்று கேட்பாள். அவ்வளவுதான், அடுப்பில் உலை வைத்ததையே நான் மறந்துபோவேன். எங்கள் வீட்டில் சோறு குழைந்தால், அன்றைக்கு எவனோ ஒரு கொலைகாரன் பிடிபட்டுவிட்டான் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு சாப்பிடுவார்.

என் பெயர் சந்தனச்செல்வி. பிறந்தது ஏரல் பக்கம், வயலும் வாழையுமாக இருக்கிற ஊர். கட்டிக்கொண்டு வந்தது தூத்துக்குடிக்கு. அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். தெருவில் எங்களைத் தவிர மற்றதெல்லாம் மாதா கோயிலுக்குப் போகிற வீடுகள், கடல் தொழில் பார்க்கிற குடும்பங்கள்.

பக்கத்து வீட்டு இசபெல்லாதான் எனக்கு நாவல் கூட்டாளி. புன்னைக்காயலில் இருந்தவர்கள். மாமனார் பவுலுக்கு ஒரு கால் வராமல் போன பிறகு, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று இங்கே குடிவந்துவிட்டார்கள். அவள் புருஷன் பெனிஸ்டன் திரேஸ்புரத்தில் தூண்டில் போடுகிற ஒரு வள்ளத்தில் சேர்ந்தான். சாதுவான பையன். என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

இசபெல்லாவிடம் ஒரு கெட்ட பழக்கம். நாவலில் பாதி தாண்டுவதற்குள் கொலைகாரன் யார் என்று சரியாகச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

"பாயசம் வச்சுட்டு முந்திரியப் பொறுக்கித் தூரப் போடுவியாளா நீ?" என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"யாரு செஞ்சான்னு தெரிஞ்சு போச்சுல்லாக்கா. இனிமே எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சி, அவன நடுவுல நிப்பாட்டி, தோலை உரிப்பா. அதை நான் எதுக்குப் பாக்கணும்?"

"அதுதாம்ளா ருசியே!"

"உங்களுக்கு ருசி. எனக்கு வேண்டாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இவளுக்கெல்லாம் நாவல் கொடுக்கிறோமே என்று இருந்தது எனக்கு.

இப்படி இருக்கும்போதுதான் பவுல் மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் காலை முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிற ஆளிடமெல்லாம் மகன் பெருமைதான். "எம்மவன் வள்ளம் கவுந்து, வெறும் கேனைப் புடிச்சிக்கிட்டுக் கடல்ல கெடந்தவன். மறுவாரமே தொழிலுக்குப் போயிட்டான் தெரியுமா?" என்பார். பால்காரர் முதல் கேபிள்காரர் வரைக்கும் அந்தக் கதை தெரியும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"ஏளா செல்வி, இங்கன வா. நீதான் பொஸ்தவம் பொஸ்தவமாப் படிச்சி திருடனைப் புடிக்கியே. எங்க வீட்டுல ஒரு திருடன் இருக்கான். புடிச்சித் தா பாப்போம்."

"என்ன மாமா களவு போச்சு?"

"மீன் தலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாசக்கணக்கா எங்க வீட்டுக் கொழம்புல தலையே இல்ல. கேட்டா, பூனை தூக்கிட்டுப் போச்சுங்குதா மருமவ. அதென்ன பூனை? நடுத்துண்டு வேண்டாம், வாலு வேண்டாம், தலை மட்டும்தான் வேணுமாக்கும்?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த ஜன்னல் ஏன் திறந்திருந்தது என்பது மாதிரியே ஒரு கேள்வி! கடலோரத்து வீட்டில் மீன் தலையைத் தூரப் போடுவார்களா? இந்தத் தெருவில் தலைக்கு அடிதடியே நடக்கும். வீட்டுப் பெரியவருக்குத் தலையை வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்று சொல்லுகிற ஆட்கள் இவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் மாசக்கணக்காகத் தலை காணோம் என்றால் என்ன நியாயம்?

"கண்டுபிடிச்சித் தாறேன் மாமா" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பெனிஸ்டன் மீன் பையோடு வந்தான். நான் கொல்லைப்புறச் சுவரோரம் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றேன். இசபெல்லா அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? செதிலைக்கூட உரசாமல், செவுளுக்கும் கீழே சேர்த்துத் தலைகளைச் சடசடவென்று வெட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் விட்டெறிந்தாள். பூனைகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் நல்ல கொழுத்த பூனை. தெருவில் பூனைகளுக்கு ஏன் இப்படிச் சதை போடுகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேனே!

திருடி கிடைத்துவிட்டாள். ஆனால் ஏன்? நாவலில் காரணம் கிடைக்காமல் ஆளைப் பிடித்தால் இன்ஸ்பெக்டர்கூட ஒத்துக்கொள்ள மாட்டார். வேண்டுதலோ என்று பார்த்தால், இசபெல்லா அப்படி ஒன்றும் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. மாமனார் மேல் கோபமோ என்றால், அவருக்கு முள் எடுத்துக் கொடுக்கிறவளே அவள்தான்.

காலி மனைக்குப் போனேன். ஒரு கறுத்த பூனையோடு மல்லுக்கட்டி ஒரு தலையைப் பிடுங்கினேன். முழங்கையில் பிறாண்டிவிட்டது, சனியன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வயக்காட்டில் பிறந்தவளுக்கு மீன் தலையைப் பார்த்தால் என்ன தெரியும்? மீன் நம்மைப் பார்க்கிறது, அவ்வளவுதான் தெரியும். தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதைத் திறந்து பார்த்த என் வீட்டுக்காரர், "ஏளா, பொணத்தைக் கொண்டாந்து வீட்டுல வச்சிருக்கியே" என்றார்.

மறுநாள் தெருவில் மீன் கொண்டுவருகிற சுடலைமாடத்தியிடம் அதைக் காட்டினேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"வெளமீனு. வலையில பட்டது."

"எப்படிச் சொல்லுத?"

"தூண்டில்ல புடிச்சதுன்னா வாயோரம் தூண்டி முள்ளு கிழிச்சிருக்கும். இதுக்கு வாயி சுத்தமா இருக்கு பாரு. இங்கன செவுளைச் சுத்திக் கோடு விழுந்திருக்குல்லா? வலைக் கண்ணுல தலைய விட்டுட்டு முழிச்சிருக்கு. சின்னப் புள்ளகூடச் சொல்லும். ஒனக்கு என்னத்துக்கு இது?"

"சும்மாதான்" என்று உள்ளே வந்தேன். காலெல்லாம் பரபரத்தது. பெனிஸ்டன் போகிறது தூண்டில் வள்ளம். அவன் கொண்டுவருகிறது வலை மீன். அப்படியென்றால்?

அப்போதுதான் அவன் சட்டை ஞாபகம் வந்தது. பை கிழிந்துபோய்த் தைக்கக் கொடுத்திருந்தான். எடுத்துப் பார்த்தால் பையின் மடிப்பில் வெள்ளையாகப் பொடி. கடலில் போகிறவன் சட்டையில் உப்பு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் இப்போது நான் எதையும் விடுகிற நிலையில் இல்லை. நக்கிப் பார்த்தேன்.

இனித்தது.

என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எவளோ ஒருத்தி இருக்கிறாள், அவள் வீட்டில் உட்கார்ந்து பலகாரம் தின்றுவிட்டு, வரும்போது கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அட பாவிப் பயலே, தங்கம் மாதிரிப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு என்ன காரியம் பண்ணுகிறாய் என்று மிஷினை மிதித்த மிதியில் ஊசி முறிந்துபோனது.

அடுத்த நாள் விடியக்காலையில் அவன் கிளம்பியதும் பின்னாலேயே நானும் கிளம்பினேன். முக்காடு போட்டுக்கொண்டேன். அவன் கடற்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. கடைத்தெருவுக்குள் போய், ஒரு பேக்கரியின் பின்சந்தில் நுழைந்தான். கதவு திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

பெனிஸ்டன் தலையில் துணித் தொப்பி மாட்டிக்கொண்டு நின்றான். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து அடித்த மாவைக் காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் மக்ரூன் பிழிந்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றும் உச்சியில் அழகாகக் கூராக நின்றது. உடைந்த மக்ரூன்கள் ஓரத்தில் ஒரு டப்பாவில் கிடந்தன. பக்கத்தில் நின்றவர் ஏதோ சொல்ல, அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. அதை யோசிக்கக்கூட எனக்கு அப்போது பொறுமை இல்லை. கண்டுபிடித்துவிட்டேன்! எவளும் இல்லை, எந்தக் களவும் இல்லை, ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்!

ஓட்டமும் நடையுமாக வந்து இசபெல்லாவை அடுப்படியில் பிடித்தேன்.

"ஏளா, ஒம்புருசன் கடலுக்கே போகல, தெரியுமா? எங்க போறான்னு நான் சொல்லுதேன் கேளு. ஒங்க மாமாவையும் கூப்பிடு, எல்லாரும் கேக்கட்டும்—"

அவள் என் வாயைப் பொத்தினாள். நிஜமாகவே பொத்தினாள், வெங்காயக் கையோடு.

"மெதுவாப் பேசுங்கக்கா. மாமா வாசல்ல இருக்காவ."

"தெரியுமா ஒனக்கு?"

"கடலுக்குப் போயிட்டு வாறவர் மேல சீனி வாசம் வருமாக்கா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள்.

"வள்ளம் கவுந்த பெறகு ரெண்டு தடவ போனாரு. வள்ளத்துல கால வச்சதுமே வாந்தி. கையி நடுக்கம். அதுக்குப் பெறகு போகல. ஆனா விடியக்காலம் கெளம்பிருவாரு. மொத நாள் மீன் பையை எங்கிட்ட நீட்டும்போது எம்முகத்தைப் பாக்கல. தூண்டில் மீனையெல்லாம் கம்பெனிக்காரங்க கரையிலேயே அள்ளிட்டுப் போயிருவாங்க. இவரு வேலை முடிஞ்சி போற நேரத்துக்கு வலை மீன்தான் கெடைக்கும். நான் ஒண்ணும் பேசல. தலைய வெட்டி வெளிய போட்டேன். பாத்துக்கிட்டே நின்னாரு. இன்னைக்கு வரைக்கும் நாங்க அதைப்பத்திப் பேசினதில்ல."

"மாமா பாத்துருவாருன்னா?"

"அவரு எத்தன வருசம் கடல்ல கெடந்தவரு! தட்டுல தலை விழுந்தாப் போதும்." அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "வாசல்ல உக்காந்து என்ன பேசுதாவன்னு கேக்கிறியல்லா? எம்மவன் எம்மவன்னு. இவரு ஒருநாள் வேற யாரையோ பத்திப் பேசும்போது சொன்னாரு, அப்பா முன்னால தலைகுனிஞ்சி நிக்கணும்னா ஊரை விட்டே போயிருவேன்னு. போயிருவாருக்கா. சொன்னாச் செஞ்சிருவாரு."

அவள் அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் பாதி படித்த நாவல் கிடந்தது. நான் இசபெல்லா இல்லை, கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அதில் துப்பறிகிற பாட்டு டீச்சர் எல்லோரையும் ஹாலில் கூட்டி, அந்த ஆளை நடுவில் நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எனக்கு முதல் தடவையாக அவள் மேல் எரிச்சல் வந்தது. போதும் நிறுத்துடி என்று இருந்தது.

அன்றைக்குப் பத்தரை மணி வெயிலில் பவுல் மாமா கூப்பிட்டுவிட்டார்.

"என்னளா, துப்புத் துலங்கிச்சா?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வலைக் கோடு, சட்டைப் பொடி, பின்சந்து என்று எவ்வளவு அழகாக அடுக்கி வைத்திருந்தேன்! இந்தத் தெருவில் என்னை மதிக்கிற மாதிரி நான் செய்த ஒரே காரியம் அது.

"பூனைதான் மாமா" என்றேன்.

"பூனையா!"

"ஆமா. கறுத்த பூனை. பாருங்க, என்னையே பிறாண்டிட்டுது." முழங்கையைக் காட்டினேன்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதுக்குத்தானா அத்தன பொஸ்தவம் படிச்ச? போளா, போயி ஜாக்கெட் தை." எதிர்வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள். என்னை யாராவது கேலி பண்ணினால் நான் மூன்று தலைமுறையை இழுப்பவள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி நடக்கும்போது, "செல்வி" என்றார். இப்போது சிரிப்பு இல்லை. குரல் இறங்கியிருந்தது.

"செவுளோட சேத்து வெட்டுத பூனையா அது?"

நான் சேலைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடினேன்.

"அந்தப் பூனைகிட்ட சொல்லு. நாளைக்குத் தலையக் கொழம்புல போடட்டும். எனக்கு இப்ப கண்ணு அவ்வளவாத் தெரியல, மூக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது." காலைத் தடவிக்கொண்டார். "சாயங்காலம் ஆனா எம்மவன் உசுரோட வீட்டுக்கு வந்துருதான்லா. அது போதும்ளா எனக்கு."

அப்படியே இசபெல்லாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் சாயங்காலம் அரிவாள்மணை முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையைக் கழுவிச் சட்டியில் போட்டாள். சுவரின் மேல் பூனைகள் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தன. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அவர்கள் வீட்டைப் பார்த்திருக்கிற எங்கள் ஜன்னலில் போய் நின்றேன்.

பவுல் மாமா தட்டில் தலை விழுந்தது. எதிரில் பெனிஸ்டன். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. மாமா தலையை எடுத்துச் செவுளைப் பிரித்து உறிஞ்சினார். அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். எலும்பை ஓரமாக வைத்தார்.

"நல்ல மீனுலே" என்றார்.

பெனிஸ்டன் குனிந்தே இருந்தான்.

"நாளைக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் மக்ரூன் கொண்டா. ஒடைஞ்சது கெடந்தாலும் பரவால்ல. நல்லதைக் கடையில வித்துரட்டும்."

பெனிஸ்டன் பிசைந்த சோற்றைத் தட்டில் வைத்தான். பிறகு, "சரிப்பா" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, சோற்றுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். இசபெல்லா அவன் தட்டில் இன்னொரு தலையை வைத்தாள்.

நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருளா இன்னைக்கு மாட்டினது?" என்று கேட்டார். சோறு கஞ்சியாகவே போயிருந்தது.

"யாரும் இல்ல" என்றேன்.