பெருமுக்கல் மலைமேல் ஒரு டகோட்டா

தேவசகாயம் யுத்த காலத்தில் விமானப்படையில் சேர்ந்து ஒயர்லெஸ் கற்றவன். யுத்தம் முடிந்ததும் சென்னையில் ஒரு சிறிய விமானக் கம்பெனி அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. டகோட்டா விமானத்தில் விமானிகள் இருவருக்கும் பின்னால், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தரையிலிருந்து மோர்ஸ் என்ற தந்திக் குறியில் வரும் தகவல்களைக் கேட்டு அவர்களிடம் சொல்வதுதான் வேலை. பறக்கும் நேரமெல்லாம் அவன் பார்த்தது அந்த இரண்டு முதுகுகளைத்தான்.

1948 ஐப்பசியில் ஒரு நாள் பயணிகளை ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வங்கக்கடலில் புயல். விமானத்தைச் சுற்றி வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கேப்டன் மாசிலாமணி அனுபவசாலி, அதிகம் பேசாதவர். பக்கத்தில் துணை விமானி விருத்தாசலம், வேலைக்குப் புதியவன்.

விழுப்புரத்தைத் தாண்டியிருப்போம் என்று நினைத்த நேரத்தில் சென்னையிலிருந்து தகவல் வந்தது. அங்கே காற்றழுத்தம் வெகுவாக இறங்கிவிட்டதாம். விமானத்தின் உயரத்தைக் காட்டும் முள் காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்வது. புது அழுத்தத்துக்கு அதைத் திருப்பி வைக்காவிட்டால், இருப்பதைவிட அதிக உயரத்தில் பறப்பதாகக் காட்டும். தேவசகாயம் எழுந்து போய் கேப்டனின் காதருகே கத்தினான்.

“சார், மெட்ராஸ்ல பிரஷர் எறங்கிடுச்சு. ஆயிரத்தொண்ணு மில்லிபார்!”

கேப்டன் தலையசைத்தார். தேவசகாயம் தன் இடத்துக்குத் திரும்பினான். அந்தத் தலையசைப்பு அவனுக்கா, அதே சமயம் விருத்தாசலம் நீட்டிய மேப்புக்கா என்பது யாருக்கும் தெரியாது. முள்ளை யாரும் திருப்பவில்லை.

மேகத்துக்குக் கீழே இறங்கி, திண்டிவனம் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு சென்னை போய்விடலாம் என்பது கேப்டனின் யோசனை. விமானம் இறங்கியது. அடுத்த தகவலைச் சொல்ல தேவசகாயம் மறுபடி எழுந்து அவர்களுக்குப் பின்னால் போய் நின்றான். மேகம் ஒரு கணம் கிழிந்தது. கண்ணாடிக்கு நேர் எதிரே ஈரப்பாறை. அதன்மேல் கோயில் மதில்.

அவனுக்கு அந்த மலையைத் தெரியும். அவன் தாய் கல் உடைக்கப் போன பெருமுக்கல் மலை அது.

“சார், மலை! மலை சார்!”

முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல், “எண்ணூறு அடி உயரத்துல இருக்கோம். மலையெல்லாம் கீழே. போய் உட்காரு” என்றார் கேப்டன்.

தேவசகாயம் விருத்தாசலத்தின் தோளுக்கு மேலாகப் பாய்ந்து, அவன் முன்னாலிருந்த ஓட்டும் பிடியை இரண்டு கையாலும் இழுத்தான். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. பின்னால் ஜனங்கள் அலறினார்கள். சாமான்கள் உருண்டன. மறுபடி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இருக்கையிலிருந்து தூக்கியெறியப்பட்ட ஒரு அம்மாளுக்குக் கை முறிந்திருந்தது.

கம்பெனியில் விசாரணை நடந்தது. சென்னையில் இறங்கும்போது கேட்ட அழுத்தத்துக்குக் கேப்டனே முள்ளைத் திருப்பி வைத்திருந்ததால், அதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்று காட்ட எதுவும் இல்லை.

“நீ சொன்னதைக் கேப்டன் திருப்பிச் சொன்னாரா?”

“இல்ல சார்.”

“திருப்பிச் சொல்லும்படி நீ கேட்டாயா?”

“கேக்கல சார். தலையாட்டினாரு, அது போதும்னு நெனைச்சேன்.”

“மலையை வேறு யார் பார்த்தார்கள்?”

விருத்தாசலம் மேஜையைப் பார்த்தபடி, தான் அப்போது மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். மலைக்கு மேல் வெகு உயரத்தில் பறந்ததாகக் கேப்டன் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார். உத்தரவில்லாமல் பிடியைத் தொட்டதற்காகத் தேவசகாயத்துக்கு வேலை போயிற்று.

விழுப்புரத்தை அடுத்த தன் ஊரான கோலியனூரில் மனைவி சவுரியம்மாளிடம் வந்து சேர்ந்தான். “வேலை போயிடுச்சு” என்றதோடு நிறுத்திக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. அவ்வளவு உயரம் போனால் மூளை கலங்கிவிடும், அங்கே இவன் ஏதோ கலாட்டா பண்ணிவிட்டான் என்று ஊரில் பேசினார்கள். நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போனான். பக்கத்தில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவன் வாய் திறக்காமல் செடியை உதறிக்கொண்டிருப்பான். நாளாக ஆக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பார்த்தது பாறைதானா? மேகத்தின் நிழலாக இருந்தால்? ஒன்றுமில்லாததற்கா அந்த அம்மாளின் கையை ஒடித்தேன்?

பொங்கல் கழிந்து ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் திண்டிவனத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து நடந்து பெருமுக்கல் மலை ஏறினான். மேலே வீரம்மாள் என்ற நடுவயதுக்காரி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கோயில் மதிலையே சுற்றிச் சுற்றி வந்தவனைப் பார்த்து அவளே கேட்டாள்.

“இன்னாங்க தேடிக்கினு இருக்கீங்க?”

“ஐப்பசி மழையில இந்தப் பக்கம் ஏரோப்ளேன் ஏதாச்சும் போச்சாம்மா?”

அவள் கையிலிருந்த தழையைக் கீழே போட்டாள்.

“போச்சாவா? அதும் அடிவயிறு தெரிஞ்சுதுங்க! மழைத்தண்ணி சொட்டிக்கினு வந்துச்சு. மதில்ல முட்டிக்கும்னு கண்ணை மூடிக்கினேன். தொறந்து பார்த்தா செங்குத்தா மேல போய்க்கினு இருக்குது. ரெண்டு ஆடு மெரண்டு பாறையிலேர்ந்து குதிச்சு, ஒண்ணு செத்தே போச்சு. ஊர்ல சொன்னா எவன் நம்பறான்? எம்மவனே கனா கண்டியான்னு சிரிக்கிறான்.”

தேவசகாயம் மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“அதுல நான் இருந்தேம்மா. நாந்தான் மேல இழுத்தேன்.”

வீரம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“சாப்ட்டீங்களா?” என்று கேட்டு, கலயத்திலிருந்த கேப்பைக் கூழில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள்.

குடித்துக்கொண்டே அழுதான். அவள் ஆடுகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சவுரியம்மாளிடம் போய் நின்றான்.

“மலை இருந்துது சவுரி. ஒரு பொம்பளை பார்த்திருக்கா. நான் பைத்தியம் இல்ல.”

“யாருய்யா உன்னைப் பைத்தியம்னது?”

“ஊரே சொல்லுது. நீயும்தான் ஒண்ணும் கேக்கலியே.”

“வாயைத் தொறக்காம மூஞ்சியைத் திருப்பிக்கினு படுத்தா நான் இன்னான்னு கேக்கறது? கேட்டா நீ வேதனைப்படுவியேன்னு இருந்துட்டேன்.”

பின்னால் அவன் கம்பெனிக்குப் போய் இதைச் சொன்னபோது, ஆடு மேய்ப்பவளின் பேச்சையெல்லாம் விசாரணையில் சேர்க்க முடியாது என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். பிறகு விழுப்புரம் ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் வேலை கிடைத்தது. அவன் மறுபடி பறக்கவே இல்லை. சென்னைக்குப் போகும் விமானத்தின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் கை சற்று நிற்கும். கூட வேலை செய்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. மலையைப் பற்றிச் சொன்ன அன்று காலை சவுரியம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனெதிரே உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு.”

அவன் திருச்சியில் மழை தூற ஆரம்பித்ததிலிருந்து சொல்லத் தொடங்கினான்.