இரண்டு டிஸ்க்கும் ஒரு டிரில்லிங் மெஷினும்

0

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. இன்று காலை அத்தான் செய்த ஒரு காரியத்திலிருந்து கிடைத்தது. அவர் பக்கத்து அறையில் திரையை வெறித்துக்கொண்டிருக்கிறார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா வீட்டில் தீப்பிடித்தாலும் பேனாவைத் தேடுகிற ஜென்மம் என்று என்னைத் திட்டுவீர்கள். திட்டிக்கொள்ளுங்கள்.

பகுதி எண் பூஜ்யத்தில் தொடங்குவது அச்சுப்பிழை அல்ல. அத்தான் நெட்வொர்க் இன்ஜினியர். அவர் தொழிலில் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

முதல் வரிக்குச் சில முயற்சிகள்: [ஒரு மனுஷியின் குரல் எத்தனை ஜிபி இருக்கும் என்று நீங்கள் எப்போதாவது—] பீற்றல். அடித்துவிட்டேன். [ஞாயிற்றுக்கிழமை. மழை வரும்போல—] மழையெல்லாம் வரவில்லை.

1

அக்காவின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வங்கிக்கு போன் போட்டுக் காத்திருக்கும்போது, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று கூசாமல் பொய் சொல்வாளே, அவள்தான். தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பு தினமும் அறையைச் சாத்திக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்தாள். அந்தப் பதிவுகளைக் கொடுத்தால், அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசும் கருவி செய்து தருவார்கள். சாதாரண வாக்கியங்கள் போதும் என்றார்கள். அத்தானைத் திட்டுவதற்கு வேண்டியதையும் இவள் சேர்த்துப் படித்தாள்.

(எழுத எழுத அக்கா பக்கத்தை வாங்கிப் படிக்கிறாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "டேய், ரெண்டு திட்டு எடுத்துப் போடேன். நான் ஏதோ வாயில்லாப் பூச்சின்னு நெனச்சுக்கப் போறாங்க.")

2

பதிவுகளை வைக்க அத்தான் ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும்.

"வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்கா அத்தான்?" என்று கேட்டேன்.

"அதான் ரெண்டு இருக்கே மச்சான். ஒண்ணு போனா ஒண்ணு."

பெட்டி தன் டிஸ்க்குகளைப் பூஜ்யம், ஒன்று என்று எண்ணும். அத்தானும் அப்படியே ஸ்டிக்கர் ஒட்டப் போனார். அக்கா விடவில்லை. அப்போது அவளுக்குக் குரல் இருந்தது.

"பூஜ்யம்னு ஒரு டிஸ்க்கா? உள்ள இருக்கா இல்லையான்னே சந்தேகம் வருதே!"

அத்தான் சிரித்துவிட்டு ஒன்று, இரண்டு என்று ஒட்டினார்.

(அக்கா: "நான் சொன்னதுல என்ன தப்பு?")

ஆபரேஷன் முடிந்து, கருவி செய்யக் கொடுக்கலாம் என்று போன வாரம் எடுத்தபோது பதிவுகள் திறக்க நேரம் பிடித்தது. அத்தான் கேபிளை மாற்றினார், ஸ்விட்ச்சை மாற்றினார், ரவுட்டரை மாற்றினார். நெட்வொர்க்காரருக்குச் சந்தேகம் எப்போதும் தகவல் வரும் வழியின் மேல்தான். இன்று காலைதான் டிஸ்க்கைச் சோதித்தார். திரையில் வந்தது: டிஸ்க் 1 பழுது.

(அக்கா: "காலைல பால்கனில டிரில் சத்தம் கேட்டுச்சே. எதை மாட்டினீங்க?")

3

இந்தப் பக்கத்தை அவளிடம் இன்னும் கொடுக்கவில்லை.

அத்தான் ஒன்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த டிஸ்க்கை உருவினார். பால்கனிக்குக் கொண்டுபோய் அதில் ஓட்டை போட்டார். அவர் அலுவலகத்தில் பழுதான டிஸ்க்கை அப்படியே தூக்கிப் போட மாட்டார்கள். தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று துளைத்துத்தான் போடுவார்கள்.

[கதாபாத்திரமாக அத்தான் நம்பும்படி இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. தொழில் தெரிந்தவர் இப்படிச் செய்வாரா? தெரியாத நான் என்றால் மேசை டிராயரில் போட்டிருப்பேன், டிஸ்க் பிழைத்திருக்கும்.]

காலி இடத்தில் புது டிஸ்க்கைச் செருகினார். உள்ளே மிஞ்சிய பழையதிலிருந்து புதியதற்குப் படியெடுப்பது தொடங்கியது, ஆனால் நத்தையாக ஊர்ந்தது. மறுபடி திரையைப் பார்த்தார். டிஸ்க் 1 பழுது. அப்புறம்தான் ஸ்டிக்கரைப் பார்த்தார்: பெட்டி ஒன்று என்று சொன்ன டிஸ்க்கில் இரண்டு என்று ஒட்டியிருந்தது.

"நல்லதைக் கொன்னுட்டேன் மச்சான்."

"அக்காகிட்ட சொல்லிடுங்க அத்தான்."

"எப்படிடா சொல்வேன்? சொன்னா, அவளால என்னைத் திட்டக்கூட முடியாதே."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கத்தான் இந்த மேசைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

4

முடிவுக்கு வருவோம்.

அ. பழுதான டிஸ்க் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. [நானே நம்பவில்லை.]

ஆ. வங்கிக்குப் பேசியது மட்டும் தப்புகிறது. காலம் முழுக்க அக்கா அத்தானிடம், "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்கிறாள். [சிரித்தேன். உடனே வெட்கமாக இருந்தது.]

இ. ஒன்றும் வரவில்லை. அத்தான்— [இதை எழுத முடியவில்லை.]

படியெடுப்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிழைக்குமா என்று கேட்டால் அத்தான் திரையைக் காட்டுகிறார். முடிவை வாசகரிடம் விட்டுவிட்டு நழுவுவது எங்கள் தொழிலில் உண்டு. இங்கே அது நடக்காது, வாசகி எதிரே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வரியை முடித்ததும் கொடுத்துவிடுவேன். அக்கா, படித்ததும் எனக்கு எதுவும் எழுதிக் காட்டாதே. உள்ளே போ. அத்தான் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.