வெள்ளம் இறங்கும் நேரம்

காளிமுத்துதான். வேறு யாராக இருக்க முடியும்? கடலிலிருந்து காயலில் ஏறும் வெள்ளம் திரும்ப எப்போது இறங்கும் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் இரண்டே பேர். ஒன்று நான். நான் செய்யவில்லை. அப்படியானால் அவன்தான்.

சீனியம்மாள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. துடைப்பத்தைக் கிடங்குச் சுவரில் சாய்த்துவிட்டு, தோடு என்று ஊரார் சொல்லும் அந்தக் கால்வாய் காயலில் கலக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரும்புக் கம்பிகளை நெருக்கி அடித்த பெரிய தட்டி ஒன்று அங்கே நீருக்குக் குறுக்கே நின்றது. நேற்று மாலை அதன்முன் குப்பை முழங்கால் உயரத்துக்கு அடைந்து கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பால் கவர்கள், பிய்ந்த ரப்பர் செருப்புகள், மருந்துப் புட்டிகள், மீன் சந்தையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பைகள். ஏற்றிப்போக லாரி வரவில்லை. இப்போது காலை ஆறு மணி. தட்டியின்முன் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

குப்பை எங்கே போனது? காயலுக்கு. காயலிலிருந்து கடலுக்கு. யாரோ தட்டியைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள், வெள்ளம் இறங்கும் நேரம் பார்த்து.

அந்த வித்தை அவளுக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருஷமாக மட்டாஞ்சேரித் தெருக்களைக் கூட்டுகிறாள். தற்காலிக வேலை. காளிமுத்துவுக்கும் அதே வேலைதான். தட்டி வருவதற்கு முன்பெல்லாம் தெருவைக் கூட்டி, குப்பையைத் தோட்டின் விளிம்பில் குவித்து, வெள்ளம் இறங்கத் தொடங்கியதும் ஒரே தள்ளாகத் தள்ளுவார்கள். அரை மணியில் எல்லாம் கண்ணைவிட்டு மறைந்துவிடும். வண்டி வேண்டாம், சுமக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விட்டதாகவே அவள் நம்பியிருந்தாள்.

பிறகு காயல் கரையில் சீனவலை இறக்கி மீன் பிடிப்பவர்களின் வலையில் மீனைவிடப் பிளாஸ்டிக் அதிகம் ஏறத் தொடங்கியது. புகார் மேல் புகார் போனது. எண்பத்தாறாம் வருஷம் அரசாங்கம் தட்டிக்குப் பணம் ஒதுக்கியது. தெருக்காரர்கள் கமிட்டி அமைத்தார்கள். அதன் செயலாளர் ஜெயலக்ஷ்மி டீச்சர் வீடு வீடாகப் போய், தோட்டில் எதையும் எறியாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தால் மற்ற மூன்று தோடுகளுக்கும் தட்டி வரும் என்று பேச்சு. இது மூன்றாவது மாதம்.

அன்றே சாயாக்கடை வாசலில், துப்புரவுக் கூலிகளை மேய்க்கும் மேஸ்திரி ராஜப்பன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தா சீனியம்மா, முகம் வாடியிருக்கு? வலைக்கார அவுசேப்பு ஆபீஸுக்கு வந்து ஒரே சத்தம். வலை நிறையக் குப்பையாம். தட்டியத் தூக்குறது யாருன்னு மேல கேக்குறாங்க."

"எனக்கென்ன தெரியும் சாரே."

"உனக்குத் தெரியாம இந்தக் கரையில ஈ பறக்குமா? சும்மா சொல்லு. ஒரு ஆளத்தான் பெர்மனென்ட் ஆக்குறாங்க. நீயோ, கூடக் கூட்டுற அவனோ."

அவள் சாயாவை ஊதினாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் காலையிலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டிருந்த பெயர் தானாக வெளியே வந்தது.

"காளிமுத்தண்ணனா இருக்கும்."

சொன்னதும் நெஞ்சில் ஒரு லேசான சுகம் வந்தது. அதை அவள் கவனித்தாள். பிடிக்கவில்லை. ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப்பின் இரண்டு நாள் அவளுக்கு எல்லோர்மீதும் ஐயம். டீச்சர் சிரித்தால், என்னை நோட்டம் பார்க்கிறாரோ என்று. அவுசேப்பு தெருவில் துப்பினால், என்னைப் பார்த்தா என்று. காளிமுத்து எதிரே வந்து, "சாப்பிட்டியா சீனி?" என்று கேட்டால், ஏன் இன்றைக்கு இவ்வளவு அன்பு என்று. கண்ணால் பார்க்காமல் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலும் அடியில் கிடந்தது. பார்த்துவிட்டால் அது அடங்கும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் வெள்ளம் பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்க வேண்டும். கிடங்குகளில் சுமைக்காரர்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். சீனியம்மாள் மிளகுக் கிடங்கின் பின்பக்கம், சாக்கு அடுக்குக்கு இடையே போய் ஒண்டினாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் குத்தவைத்திருந்தான்.

"ஐயோ!" என்றாள்.

"கத்தாத!" என்றான் காளிமுத்து. "நீ எதுக்கு இங்க வந்தே?"

"நீங்க எதுக்கு வந்தீங்க அண்ணே?"

"தட்டியத் தூக்குற கள்ளியப் பிடிக்க."

"கள்ளியா?"

"பின்னே? நேரம் தெரிஞ்ச ஆளு நீயும் நானுந்தானே. நான் தூக்கல. அப்ப நீதான்னு நெனச்சேன். மூணு நாளா உறக்கம் இல்ல புள்ள."

தான் நினைத்த வார்த்தைகளையே அவன் வாயிலிருந்து கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் நினைத்தது மட்டும்தான். நான் சொல்லியும் விட்டேனே என்று உள்ளே ஒன்று இடித்தது.

அப்போது லாரிச் சத்தம் கேட்டது. தட்டிக் குப்பையை ஏற்றிப்போகப் பணம் வாங்கும் குத்தகைக்காரரின் லாரிதான்.

"வந்துடுச்சு. இன்னைக்கு ஏத்திருவாங்க" என்று காளிமுத்து மூச்சு விட்டான்.

லாரி தோட்டுக்கரையில் பின்பக்கமாக வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் மண்வெட்டி இல்லை, கூடை இல்லை. ஒரு கயிற்றைத் தட்டியின் மேல் வளையத்தில் கோத்து மறுமுனையை லாரியில் கட்டினார்கள். லாரி ஓரடி முன்னால் நகர்ந்தது. தட்டி மேலே எழும்பியது. அடைந்து கிடந்த குப்பை முழுவதும் மெல்ல அசைந்து, பிறகு வேகம் பிடித்து, காயலுக்குள் நுழைந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டியை இறக்கிவிட்டு, வெறும் லாரியின்மேல் ஒழுங்காகத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போனார்கள்.

"இவனுங்களுக்கு யாரு நேரம் சொன்னது?" என்றான் காளிமுத்து.

சீனியம்மாளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் வேலைக்கு வந்த முதல் நாள், "இப்ப தள்ளாத, வெள்ளம் இறங்கட்டும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மேஸ்திரி ராஜப்பன். நேரம் தெரிந்தவர்களை எண்ணும்போது அவரை அவள் எண்ணவே இல்லை. தட்டியைத் தூக்கிய சந்தேகம் தன்னைப்போலத் துடைப்பம் பிடித்தவன்மீது மட்டுமே அவளுக்கு வந்தது. ஏன் அப்படி? அந்தக் கேள்வி அன்று முழுவதும் அவளை விடவில்லை.

மறுநாள் காலை தட்டிப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். டீச்சரும் அவுசேப்பும் நின்றார்கள். காளிமுத்து ஓரமாகத் தலைகுனிந்து நின்றான். எதற்கு வரச்சொன்னார்கள் என்றே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மேஸ்திரி ஒரு தாளை வாசித்தார். கூலிப் பணியாளர் காளிமுத்து சோம்பலினால் தட்டியைத் தூக்கிக் குப்பையை வெளியேற்றினார். உடன் வேலை செய்யும் சீனியம்மாள் அதை நேரில் கண்டார்.

காளிமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன்" என்று மேஸ்திரி மைப்பெட்டியை நகர்த்தினார். "விரல வை."

டீச்சர் அருகே வந்தார். "வெச்சுடு சீனியம்மா. தப்பு பண்ணினவன் யாருன்னு தெரிஞ்சா இந்தப் புகார் முடிஞ்சுடும். மத்த மூணு தோட்டுக்கும் தட்டி வந்துடும். நாம பட்ட கஷ்டம் வீணாகாது."

"டீச்சரே, நான் அப்ப எதையும் பாக்கல. சந்தேகத்துல சொன்னேன். அது என் தப்பு." அவள் காளிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "நேத்துப் பாத்தேன். நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். கயிறு கட்டித் தூக்கினது குத்தகைக்காரர் லாரி. வெறும் வண்டியாத் திரும்பிப் போச்சு."

"எடீ!" மேஸ்திரி எழுந்தார். "வாயில வந்ததச் சொல்லாத."

"லாரிக்காரங்களுக்கு நேரம் சொல்லிக்கொடுத்தது யாருன்னு உங்களுக்கே தெரியும் சாரே. எனக்கும் நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. நானும் இத்தனை வருஷம் தள்ளிவிட்டவதான். அவுசேப்பு சேட்டன் வலையக் கிழிச்சதுல என் கையும் இருக்கு."

அவுசேப்பு திட்டுவதற்கு வாயைத் திறந்தான். பிறகு மேஸ்திரியின் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

டீச்சர் தாளை வாங்கி மறுபடி படித்தார். "அப்ப ரெண்டு மாசமா லாரி வந்து எடுத்துப் போச்சுன்னு கணக்குத் தாள்ல இருந்ததே, அதுல கமிட்டிக்காக நான் கையெழுத்துப் போட்டேனே" என்றார் மெதுவாக.

"நீங்க காதால கேட்டதுக்குப் போட்டீங்க. பாத்துட்டுப் போடல டீச்சரே. நானும் அப்படித்தான்." சீனியம்மாள் தட்டியைக் காட்டினாள். "அரசாங்கம் தட்டி போட்டுக் கொடுக்கும். நீங்க வீடு வீடாப் போயிச் சொல்வீங்க. ஆனா கரையில நிக்கிற நாம ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டு, குப்பை எங்க போகுதுன்னு பாக்காம இருந்தா, எத்தன தட்டி போட்டாலும் எல்லாம் கடலுக்குத்தான் போகும்."

மேஸ்திரி மேசையைச் சுற்றி வந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பெர்மனென்ட் லிஸ்ட் சாயந்திரம் போகுது. அதுல உன் பேரு இருக்கு. விரல் வெச்சா இருக்கும். யோசிச்சுக்கோ."

பன்னிரண்டு வருஷம். அவள் யோசித்தாள். யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மைப்பெட்டி திறந்தே இருந்தது.

"வேண்டாம் சாரே" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.