ஏழாம் மாசத்தில் அடைத்த வளை

பெருச்சாளி பிடிக்கிறவனை வாசலோடு நிறுத்திப் பேசுவதுதான் ஊர் வழக்கம். புத்தூர் லூர்துராணி டீச்சர் மட்டும் என்னை நடு வீட்டில் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். ஒருவேளை நாலு திட்டுத் திட்டி விரட்டியிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு வயிறு எரியாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி பிறந்த சமயம். டீச்சருக்குப் புருஷன் இல்லை. எட்டு வயசில் டோரதி என்று ஒரே பெண். வீடு பழசு. மண்சுவருக்கு மேலே சுண்ணாம்பு பூசி நிறுத்தியிருந்தார்கள்.

"மருதை, சுவருக்குள்ள யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் கேக்குது. பாப்பா இந்த ஓரத்துலதான் உக்காந்து படிக்கும். நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கொல்லையில் நாலு வளை. எல்லாம் அந்தச் சுவருக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. குச்சியை விட்டால் முழுசாக உள்ளே போனது.

"டீச்சரம்மா, சுவருக்கு அடியில மண்ணே இல்லை, வெறும் பொந்து. மழைக்கு முன்னாடி தோண்டி நிரப்பிடணும்" என்றேன்.

என் தொழில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு வளையில் வைக்கோலும் மிளகாய் வற்றலும் போட்டுப் புகை விடுவேன். இன்னொன்றில் சாக்கைப் பிடிப்பேன். வந்து விழுந்ததை ஒரே அடி. ஆனால் அதோடு முடியாது. கூடு வரைக்கும் தோண்டிப் போய், குட்டி இருந்தால் அதையும் தீர்த்து, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். வாயை மட்டும் அடைப்பது ஊரை ஏமாற்றும் வேலை.

சங்கடம் என் வீட்டில் இருந்தது. என் பெண்சாதி பாப்பாயிக்கு அப்போது ஏழாம் மாசம். அதற்கு முன் மூன்று பெற்று மூன்றையும் புதைத்தாயிற்று. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது என்பார்கள். சோற்றுக்கு எங்கே போவது என்று மூன்று தடவையும் நான் எரிந்து விழுந்தேன். இந்தத் தடவை பாப்பாயி என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"இது பொறக்கிற வரைக்கும் உன் கையால ஒரு உசுரும் போகக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள்.

உள்ளே பிள்ளை உதைத்தது. சத்தியம் பண்ணினேன்.

டீச்சர் வீட்டில் புகை விட்டதும் பெருச்சாளி சாக்கில் வந்து விழுந்தது. அடிக்காமல் கட்டி வைத்தேன், வாய்க்காலுக்கு அப்பால் விட்டுவிடலாம் என்று. அப்புறம் தோண்டினேன். சுவருக்கு அடியில் கீச்சு கீச்சென்று சத்தம். கண் திறக்காத குட்டிகள்! வெளியே எடுத்தால் செத்துப் போகும், நிரப்பினாலும் செத்துப் போகும்.

சாக்கில் கட்டி வைத்திருந்த தாயைத் திரும்ப வளைக்குள் விட்டேன். மூன்று வாயைச் சல்லி போட்டு அடைத்தேன். வேலியோரத்து வாயைத் தழையால் மூடி மறைத்தேன். பதினைந்து நாளில் குட்டிகள் நடமாடிவிடும், அப்போது வந்து நிரப்பலாம் என்று எண்ணம். டீச்சரிடம் உண்மையைச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுவார், அவன் கொன்றுபோடுவான், அந்தப் பாவமும் என் தலையில்தானே?

"எல்லாம் முடிஞ்சுதா மருதை?"

"முடிஞ்சுது டீச்சரம்மா."

"அப்ப பாப்பா அங்கேயே உக்காந்து படிக்கலாமா?"

பாவிப்பயல் நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். படிக்கலாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆறாம் நாள் மழை பிடித்தது. எட்டாம் நாள் காலையில், டோரதி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, சுவர் உட்கார்ந்துவிட்டது. சேதி கேட்டு நான் எங்கள் ஊர் அரியமங்கலத்திலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். விரலெல்லாம் மண்.

"வளையை அடைக்கலையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அவரு ஒழுங்கா அடைச்சுக் குடுத்தாரு. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் டீச்சர்.



மார்கழியில் பாப்பாயிக்குப் பெண் பிறந்தது. தங்கியது. முப்பதாம் நாள் டீச்சர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

"டோரதிக்கு ஞானஸ்நானத்துக்குப் போட்டது. நான் வெச்சிருந்து என்ன பண்ணப் போறேன்? உங்க பாப்பா போட்டுக்கட்டும்."

பாப்பாயி ஆசையாக வாங்கி மாட்டிவிட்டாள். குழந்தை அந்தச் சட்டைக்குள் விரலை விரித்து விரித்து மூடியது. அந்த விரலை என்னால் பார்க்க முடியவில்லை.

"கழட்டுடி அதை!" என்று கத்தினேன்.

டீச்சருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "தப்புதான் மருதை. செத்த பிள்ளை துணியைப் பச்சைக் குழந்தைக்குக் கொண்டாந்திருக்கக் கூடாது. எனக்குத் தோணலை. மன்னிச்சிடுங்க" என்றார்.

அதற்காகக் கத்தவில்லை என்று சொல்ல வேண்டியவன் நான். டீச்சர் சட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

குழந்தை வீறிட்டது. பாப்பாயி அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"அழாத கண்ணு. அப்பா உனக்காகத்தான் அப்படிப் பண்ணுனாரு" என்றாள்.