பத்தில் நான்கு நொடி

விதவை டபித்தா வென்ஹாமுக்குக் கூட்டல் பிசகியதில்லை. கென்ட் மாவட்டத்தில், சர் ஆம்ப்ரோஸ் தோர்லியின் வீட்டில், பதினோரு ஆண்டுகளாக அவள் பிழைப்பே அதுதான். தொலைநோக்கியின் இழையை ஒவ்வொரு நட்சத்திரமும் கடக்கும் நேரத்தைத் துரையும் உதவியாளரும் இரவில் குறிப்பார்கள்; அவற்றை அவள் பகலில் கணக்கிட்டு அட்டவணையில் ஏற்றுவாள். துரை காலையில் பாசிகளுக்குப் பெயர் வைப்பார்; பிற்பகலில் வெள்ளி உப்புத் தடவிய தாளில் வெயிலைக் கொண்டு படம் எடுப்பார்; சாப்பாட்டு மேசையில் கிரேக்கக் கவிதை மொழிபெயர்ப்பார். எல்லாவற்றிலும் அவசரம். வானத்தை மட்டும் ஒருநாளும் கைவிட்டதில்லை.

அந்த வசந்தத்தில் டபித்தா ஒன்றைக் கண்டாள். உதவியாளர் ஐசயா லக் குறித்த நேரங்கள், துரை குறித்தவற்றைவிட நொடியில் பத்தில் நான்கு பங்கு பிந்தியிருந்தன. மறைப்பதும் பொய்தான் என்று நினைத்து துரையிடம் சொன்னாள்.

"சனிக்கிழமையோட அவனை அனுப்பிடலாம்," என்றார் அவர். "நட்சத்திரம் பார்க்கத் தூங்குமூஞ்சி ஆகாது."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஐசயாவின் மனைவிக்கு எட்டாம் மாதம். வேலை போனால், துரையின் வாசற்கதவை ஒட்டி அவர்கள் குடியிருக்கும் வீடும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை தேவாலயத்தில் மண்டியிட்டாள். திரும்பி வந்து, ஐசயா வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்துப் பக்கங்களையும் மறுபடி புரட்டினாள். அறுநூறு வரிகள். வித்தியாசம் எங்கும் நான்குதான். எழுந்து நேராகத் துரையின் அறைக்குப் போனாள்.

"சார், தூங்கி வழியிறவர் ஒருநாள் ரெண்டு பிந்துவார், ஒருநாள் ஏழு பிந்துவார். இவர் எப்பவும் நாலுதான்."

"பிந்துறதையும் ஒழுங்கா பிந்துறான்னு சொல்ல வர்றீங்க."

"அவர் பிந்துறார்னு யார் சொன்னது? நீங்க முந்துறீங்களோ என்னமோ."

தேநீர்த் தட்டுடன் வந்த சமையற்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "சூப்பு ஆறுறதுக்குள்ள நாக்கைச் சுட்டுக்கிறவர்தானே," என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

துரைக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் சிரிக்கவில்லை. "மத்தியானம் சூரியனை வெச்சே பார்த்துடலாம்," என்றார்.

தொலைநோக்கிக்குள் சம இடைவெளியில் ஐந்து சிலந்தி இழைகள் உண்டு. கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால், சூரியனின் விளிம்பு ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும். கடிகாரத்தின் டிக் ஒலியை எண்ணிக்கொண்டே, தொட்ட நேரத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு இழை துரைக்கு, அடுத்த இரண்டு ஐசயாவுக்கு, கடைசி இழை டபித்தாவுக்கு என்று முடிவாயிற்று.

காத்திருந்தபோது ஐசயா மெல்லக் கேட்டார். "என் வேலை போகப் போகுதாமே. யாரும்மா கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"ரொம்ப சந்தோஷம். பொறக்கப்போற புள்ளைக்கு உங்க பேரை வைக்கலாம்னு இருந்தோம்."

"இப்பவும் வைக்கலாம். பேசாம எண்ணுங்க."

சூரியன் வந்தது, கடந்தது. டபித்தா நின்றபடியே கணக்குப் போட்டாள். துரைக்கும் ஐசயாவுக்கும் இடையே அதே நான்கு. அவளுடைய நேரம் துரைக்கும் பிந்தி, ஐசயாவுக்கும் முந்தி, நடுவில் நின்றது.

"மூணு பேர், மூணு நேரம்," என்றாள். "சூரியன் ஒண்ணுதான் சார்."

துரை தாளை வாங்கிப் பார்த்தார். "அப்போ ஐசயாவை அனுப்பினா, நானும் கூடவே மூட்டை கட்டணும்." பிறகு ஐசயாவின் பக்கம் திரும்பினார். "தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல சார்," என்றார் ஐசயா. "ராத்திரி வானம் தெளிவா இருக்கும்போல. எட்டு மணிக்கே வந்துடறேன்."

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து துரையைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையை எழுத லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். துரையின் சாதனைகளில் பெரியது எது என்று டபித்தாவைக் கேட்டார். அவர் கண்டுபிடித்த இரட்டை நட்சத்திரங்களையோ வெயில் படங்களையோ அவள் காட்டவில்லை. நட்சத்திர அட்டவணையின் நான்காம் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"இது பார்த்தவங்களோட பிழைப் பட்டியல் ஆச்சே," என்றார் வந்தவர்.

"ஆமாங்க. அச்சுக்குப் போறப்ப அவரே இதைக் கேட்டு வாங்கித் தன் பேரை முதல்ல போட்டுக்கிட்டார். அதை எழுதிக்குங்க."