கலப்பை படாத பதினான்கு ஏக்கர்

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை என்பது ஒன்பது பேர், இரண்டு வண்டி. சம்பளம் கிடையாது. ஆளாளுக்கு ஒரு பிழைப்பு உண்டு. எனக்கு டயர் கடை. பேஜர் அலறினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடவேண்டும். பன்னிரண்டு வருடம் அந்தப் படைக்கு நான் தலைவனாக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தீயைத்தான் அணைக்காமல் நின்று பார்த்தேன். அது ஜெனெல் எய்லர்ஸ் வைத்த தீ.

ஜெனெல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதை நெருங்குகிற வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவள் வண்டியில் ஏறினால் எப்பேர்ப்பட்ட முரட்டுப் பையனும் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காருவான். அவள் தம்பி கர்ட் எங்கள் படையில் தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவன். சோளமும் சோயாவும் போடும் விவசாயி. அவர்கள் அப்பா இறந்தபோது எண்பது ஏக்கர் கரிசலையும், ஓடையை ஒட்டிய பதினான்கு ஏக்கர் புல்வெளியையும் இருவருக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பதினான்கு ஏக்கரில் ஒருநாளும் கலப்பை இறங்கியதில்லை. எங்கள் அயோவா மாநிலம் முழுக்க ஒரு காலத்தில் அந்தப் புல்தான் நின்றது என்பார்கள். எங்கள் பக்கத்தில் மிச்சம் கிடந்தது அது ஒன்றுதான். ஆகஸ்டில் வான்கோழிக்கால் புல் என் தொப்பிக்கு மேலே நிற்கும். கதிர் மூன்று விரலாகப் பிரிவதால் அந்தப் பெயர். ஜெனெலின் அப்பா வருடத்துக்கு ஒருமுறை, குருவிக் குஞ்சுகள் பறந்த பிறகு, உலர்தீவனத்துக்கு அறுப்பார். அவ்வளவுதான் அவர் அதைத் தொட்டது.

சோயா விலை எகிறிய வருடம் வந்தது. வேலியோரம் ஒரு சாண் நிலம் கிடைத்தாலும் விதைத்தார்கள். கர்ட்டுக்கும் கண் அங்கே போயிற்று. மே மாதம் புல்லுக்கு மருந்தடித்துக் கொன்றுவிட்டு, செத்த புல்லின் மேலேயே சோயா விதைப்பதாக முடிவுகட்டினான். மருந்தடிக்கும் வண்டி வைத்திருக்கும் ரோஜரிடம் பதினான்காம் தேதிக்குச் சொல்லியும் வைத்துவிட்டான்.

ஜெனெலுக்கு விஷயம் தெரிந்தது, தானியக் கிடங்கில் விவசாயிகள் கூடும் காபி மேசையில். நானும் அங்கே இருந்தேன். நேராக வந்து தம்பியின் முன்னால் நின்றாள்.

"டேய் கர்ட், அதுல பாதி என்னுது."

"உன் பாதியில விளையறதுல பாதி உனக்குத் தர்றேன். கசக்குதா?"

"விதைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

"அங்க என்ன இருக்கு? புல்லு. மாடுகூட இல்ல நம்மகிட்ட."

பக்கத்தில் இருந்த கிழட்டு வெர்ஜில் சிரித்தான். "ஜெனெல், நீ வேணா மேய்ஞ்சுக்கோ."

மேசையே சிரித்தது. ஜெனெல் அவன் காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெறும் கோப்பையைத் திரும்ப வைத்தாள். "மேய்ஞ்சுட்டேன். வேற?" என்றுவிட்டு வெளியே போனாள்.

வக்கீலிடம் போனாள். பொது நிலத்தைப் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போடலாம், ஆனால் விசாரணை ஜூலையில்தான் வரும் என்றார் அவர். அதுவரை கர்ட்டும் சரிபாதிக்குச் சொந்தக்காரன், அவனை யாரும் தடுக்க முடியாது என்றார்.

"அப்ப என்னையும் யாரும் தடுக்க முடியாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, வழக்கையும் போட்டிருக்கிறாள்.

மே பன்னிரண்டாம் தேதி காலை எனக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "சட்டப்படி தகவல் சொல்றேன், டேல். என் புல்வெளியை இன்னைக்கு எரிக்கிறேன். வடமேற்குக் காத்து, சுத்தி அறுத்து ஈரம் பண்ணியாச்சு. பிக்கப் வண்டியில தண்ணித் தொட்டி இருக்கு. போனியும் அவ புருஷனும் கூட நிக்கறாங்க." போனி பள்ளிச் சமையல்காரி. போனை வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் யாரோ புகையைப் பார்த்துச் செய்தி கொடுக்க, பேஜர்கள் அலறின. வண்டியில் என்னோடு ஏறியவர்களில் கர்ட்டும் ஒருவன். எங்கே தீ என்று வழியில்தான் அவனுக்குப் புரிந்தது. முகம் செங்கல்லாகிவிட்டது.

நாங்கள் போனபோது காற்று போகிற பக்கம் அகலமாகக் கறுத்துக் கிடந்தது. தீ காற்றை எதிர்த்து மெள்ள ஊர்ந்துகொண்டிருந்தது. ஜெனெல் எண்ணெய் சொட்டும் பந்தத்தைப் பிடித்தபடி ஓரமாக நடந்து வந்தாள். புருவம் பாதி கருகியிருந்தது.

கர்ட் குழாயை இழுத்துக்கொண்டு இறங்கினான். "தண்ணியைத் திற, டேல்!"

"எதுக்கு அணைக்கணும்?" என்றாள் ஜெனெல். "நாளன்னைக்கு நீயே கொல்றதாத்தானே இருந்த?"

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு!"

"மருந்து பச்சை இலையிலதான் ஏறும். சாம்பல்ல அடிச்சா சாம்பல்தான் நனையும். ரோஜரை வரச்சொல்லு, நல்லா அடிக்கட்டும்."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. இந்தப் புல்லுக்கு உயிர் வேரில். ஆள் உயரத்தைவிட ஆழமாக இறங்கிய வேர். தீ மேலே இருப்பதைத்தான் தின்னும், மருந்து இலை வழியாக வேருக்கே போகும். அவள் இலையை எடுத்துவிட்டாள்.

கர்ட் என்னைப் பார்த்தான். "சீஃப், திறக்கப் போறியா இல்லையா?"

காற்றைப் பார்த்தேன். அறுத்துவிட்ட ஓரத்தைப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "சொந்தக்காரி எரிக்கிறா, தகவலும் குடுத்திருக்கா. இது தீ விபத்து இல்ல, கர்ட். குழாயைச் சுத்து" என்றேன்.

அவன் குழாயைக் கீழே எறிந்துவிட்டு மூன்று மைல் நடந்தே வீட்டுக்குப் போனான்.

ஓடையோரம் இரண்டு ஏக்கரை மட்டும் அவள் எரிக்காமல் விட்டிருந்தாள். அந்த வெளியில் மட்டுமே காணும் ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அங்கே காட்டு வயலட் செடியின் இலையைத் தின்றுகொண்டிருந்தன. "அதையும் எரிச்சா அந்தப் பூச்சி வம்சமே போயிடும்" என்றாள். கர்ட்டுக்கு அவள் கொடுத்த இடம் அதுதான். பதினான்காம் தேதி ரோஜர் வந்தான். கரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். கர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடையோரத்தைக் காட்டினான். பேருந்துச் சுற்று முடிந்து ஜெனெல் ஓடி வருவதற்குள் அந்த இரண்டு ஏக்கரும் நனைந்துவிட்டது.

பத்தாவது நாள் அந்த ஓரம் பழுத்து, பிறகு தவிட்டு நிறமாயிற்று. அவள் அழுததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அழுதுகொண்டே வயலட் செடிகளைப் புரட்டிப் புழு தேடினாள். நான்கு கிடைத்தன. அவை பிழைத்தனவா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கரிந்த பன்னிரண்டு ஏக்கரும் அதற்குள் பச்சை பிடித்துவிட்டது. ஜூன் முதல் வாரம் கர்ட் மறுபடி ரோஜரைக் கூப்பிட்டான். ரோஜர் கையை விரித்துவிட்டான். "ஊர்ச் சோளம் மொத்தத்துக்கும் இப்ப அடிக்கணும். உன் புல்லுக்கு நேரமில்ல. விதைக்கிற காலமும் போச்சு." அவனுக்கு உண்மையிலேயே நேரமில்லையா, மனசில்லையா என்பதை அவன் இன்றுவரை சொல்லவில்லை.

ஜூலை தொடக்கத்தில், விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, பேசித் தீர்க்கலாம் என்று கர்ட் புல்வெளிக்கு வந்தான். பிக்கப்பிலிருந்து இறங்கியதும் அவன் கால் நின்றுவிட்டது. புல் இடுப்பளவு. நடுவே வெள்ளை ஆர்க்கிட்டுகள், ஓரத்தில் நூலாகக் கிழிந்த இதழ்களோடு. அப்பா காலத்தில் ஏழெட்டு பூத்தால் அதிகம். தீக்குப் பிறகு ஜெனெல் முப்பத்தொன்று எண்ணியிருந்தாள். பின்கழுத்தில் வைக்கோல் நிறம் பூசிய கறுப்புக் குருவிகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தன. இருவருக்கும் நடுவே ஆள் வேண்டும் என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

கர்ட் குனிந்து ஒரு பூவைப் பார்த்தான். பிறகு வீம்பு திரும்பிவிட்டது. "அவ்வளவு ஆசைன்னா நீயே வச்சுக்கோ. எண்பது ஏக்கர்ல உன் பாதியை எனக்கு எழுதிக் குடு."

நாற்பது ஏக்கர் கரிசல். மண்ணை அள்ளினால் கையில் கறுப்பு ஒட்டும். அவள் முடியாது என்பாள், அதோடு வாயடைத்துப் போவாள் என்றுதான் அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எழுது" என்றாள் ஜெனெல்.

"என்னது?"

"பேச்சு மாறாதே. டேல் சாட்சி. நாளைக்கே வக்கீல்கிட்ட போறோம்."

"ஜெனெல், யோசிச்சுச் சொல்லு. அது நாற்பது ஏக்கர்."

"நீ யோசிக்காமக் கேட்டியா?"

மறுநாள் கையெழுத்துப் போட்டார்கள். 

ஊர் அவளை விடவில்லை. அக்டோபரில் அவள் இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன ஓடையோரத்தில் விதைக்கக் கதிர்களை உருவிக்கொண்டிருந்தாள். வெர்ஜில் பிக்கப்பை நிறுத்தினான்.

"நாற்பது ஏக்கர் சோளத்தைக் குடுத்துட்டு, புல்லு விதை பொறுக்கறியா?"

"ஆமா. இறங்கி வா, இன்னொரு வாளி இருக்கு."

அவன் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான்.

முதல் இரண்டு வருடம் அந்த ஓரத்தில் முட்செடிதான் வளர்ந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மூன்றாம் வருடம் வான்கோழிக்கால் புல் அங்கங்கே தலைகாட்டியது. ஆர்க்கிட் அங்கே வரவில்லை, அந்தச் செம்மஞ்சள் பூச்சியை நான் மறுபடி பார்க்கவும் இல்லை. ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன், அதெல்லாம் இனி வருமா என்று.

"தெரியாது" என்றாள், ஒரு முட்செடியை வேரோடு இழுத்தபடி. "வரட்டும், வராமப் போகட்டும். நான் எங்கயும் போறதா இல்ல."