மூடாத கை

"கழுத்தை நிமிர்த்துடி," என்று சொல்லிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானையும் சித்தியே போட்டுவிட்டாள்.

குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டிருந்தார்கள். வெளியே கூடத்தில் சித்தியின் அக்கா உடலைக் கிடத்தியிருந்தார்கள். அக்காவின் ஒரே மகள் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி நின்றாள். அவளுக்கு இருபத்தாறு வயதாகியும் வீட்டில் இன்னும் பொடிசு என்றுதான் பெயர். விரல் முட்டிகள் வீங்கிப் பளபளத்தன.

"இன்னைக்கும் மடங்கலையா?"

"பத்து மணிக்கு மேல சரியாயிடும் சித்தி."

"உங்கம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சா. முதல்ல பத்து மணி, அப்புறம் மத்தியானம், அப்புறம் சாயங்காலம். கடைசியில சரியாகுற நேரமே இல்லாமப் போச்சு."

சித்திக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குக் கோபத்தை வேறு எங்கே வைத்துக்கொள்ள முடியும் என்று அவள் திருப்பிக் கேட்பாள். ஆனால் இன்றைய கோபம் மூக்கு நுனியில் இல்லை. நேற்று ஆஸ்பத்திரியில் அக்கா ரத்தமாக வாந்தியெடுத்துக் கண்ணை மூடியதிலிருந்து அது வயிற்றில் கிடந்து எரிந்தது.

அக்காவைக் கொன்றது மூட்டு நோய்கூட இல்லை, வலி மாத்திரை. வருஷக்கணக்காக மிட்டாய் மாதிரி விழுங்கிய வலி மாத்திரை வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டது. அக்கா பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். விரல்கள் முதன்முதலில் வீங்கியபோதே ஒரு டாக்டர் சரியான மருந்தைக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரை. இப்போதே ஆரம்பித்தால் மூட்டு தப்பிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அக்காவுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் குமட்டியது. அத்தான் எங்கேயோ விசாரித்துவிட்டு வந்து, "இது கேன்சர்காரங்களுக்குக் குடுக்குற மருந்தாம்" என்று குப்பையில் போட்டார். அத்தோடு சரி. அப்புறம் மருந்துக்கடையில் எது கிடைத்ததோ அது. வலி அடங்கியது, எலும்பு அரிபட்டுக்கொண்டே போனது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரல் நுழையாமல் போன அன்று அக்கா கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

இருவரும் கூடத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"மகராசி. இத்தனை வருஷத்துல வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. பூமாதேவிதான்."

"தினமும் காலையில எனக்கு போன் போட்டு அழுதா," என்றாள் சித்தி. "இந்த வீட்டுல யார் காதுலயும் விழலைன்னு சொல்லுங்க."

அதற்குள் சவ வண்டிக்காரர் அக்காவின் தலைமாட்டில் குனிந்து, கைகளை நேராக வைக்க முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, நடுவில் மடிந்து கிடந்தன. அவர் மெதுவாக அழுத்திப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் பலமாக அழுத்தினார்.

"விடுங்கண்ணே!" சித்தி அவர் கையைத் தட்டிவிட்டாள். "உயிரோட இருக்குறப்பவே நிமிரல. இப்பவா நிமிரும்?"

"விடுங்க தம்பி," என்றார் அத்தான், சுவரோரம் நாற்காலியில் இருந்தபடி. லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாததால் நண்பர்கள் மத்தியில் ரேடியோ. "நான் எப்பவும் சொல்றதுதான். இவளுக்கு முடக்குவாதமெல்லாம் கிடையாது, பிடிவாதம்தான். பாருங்க, போன பிறகும் பிடிவாதம்."

ரெண்டு பேர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்கள். எத்தனை கல்யாண வீட்டில் கேட்ட ஜோக்! அக்காவே கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அத்தானின் கண்ணில் தண்ணீர் நின்றது. சித்தி அதையும் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு மனம் இரங்கவில்லை.

"யாருக்கு அத்தான் பிடிவாதம்? அவளுக்கா, உங்களுக்கா?"

"ஏம்மா, இப்பப் போய்..."

"இப்பத்தான் கேப்பேன். லிஃப்ட்ல பேரிங் தேயுற சத்தம் கேட்டா என்ன செய்வீங்க? அன்னைக்கே நிறுத்திக் கழட்டிடுவீங்கல்ல? பாட்டு போட்டுச் சத்தத்தை அமுக்கிட்டு ஆளை ஏத்துவீங்களா? பொண்டாட்டிக்கு மட்டும் அதைத்தானே செஞ்சீங்க!"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? ஓங்கரிச்சு ஓங்கரிச்சுத் துடிச்சா. என்னால பாக்க முடியல."

"அதை டாக்டர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கணும். அளவைக் குறைச்சிருப்பாங்க, வேற மருந்து குடுத்திருப்பாங்க. குப்பையில கொட்டச் சொன்னாங்களா? இப்ப இவளையும் அதே கதைக்குக் கொண்டுபோறீங்க. கேக் மேல பூப்போடுறவளுக்குக் கை வலிக்காம என்ன செய்யும்னு இவ வேலை பாக்குற பேக்கரிக்காரர்கிட்ட சொல்லிச் சிரிக்கிறீங்களே, காதுல விழாதுன்னு நினைச்சீங்களா?"

பொடிசு தரையைப் பார்த்தாள்.

"மூட்டு டாக்டர் இன்னைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் சித்தி. "மாசக்கணக்கா காத்திருந்து வாங்குன நாள். விட்டா இன்னும் நாலு மாசம். நான் இவளைக் கூட்டிட்டுப் போறேன்."

அத்தான் எழுந்தே விட்டார்.

"பெத்த தாயை எடுக்குற நாள்லயா? உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? கொஞ்ச நாள் தள்ளிப்போட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"முழுகித்தான் கிடக்கு. அந்தா படுத்திருக்கா பாருங்க."

"நாலு பேர் என்னம்மா சொல்வாங்க?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் இழுத்தார்.

"அந்த நாலு பேரையும் தினம் காலையில வந்து இவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடச் சொல்லுங்க."

பொடிசு அம்மாவின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கப் பார்த்தாள். விரல் வரவில்லை. மணிக்கட்டால் ஒதுக்கிவிட்டாள். பிறகு எழுந்து வந்தாள்.

"சித்தி, வேனை எடு."

அத்தான் அவளைத் தடுக்கவில்லை. வழியும் விடவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டுதான் இருவரும் வெளியே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் வரிசை ஆமை மாதிரி நகர்ந்தது. சித்தி மூன்று முறை எழுந்துபோய் நர்சிடம் கத்தினாள். வீட்டில் சாவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்னால் விட்டிருப்பார்கள். அதைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. மத்தியானம் ஆனபோது போன் அடித்தது. பத்து மணி தாண்டியும் பொடிசுவால் திரையை அழுத்த முடியாததால் சித்தியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"வண்டிக்காரர் வேற வீட்டுக்குப் போகணுமாம்," என்றார் அத்தான். "எடுத்துடலாமான்னு கேக்குறாங்க."

பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பின்னால் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. பொடிசு டாக்டரின் மூடிய கதவைப் பார்த்தாள்.

"எடுத்துடுங்கப்பா."

அத்தான் போனை வைத்துவிட்டார். தானே தகராறு பண்ணி அழைத்து வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சித்தி பல்லைக் கடித்தாள். போய் அக்காவின் முகத்தை இன்னொரு முறை பார்க்க முடியாது. அத்தான் மீதிருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. அதோடு தன் மேலும் கொஞ்சம் வந்து சேர்ந்துகொண்டது.

பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஏற்கெனவே எடுத்திருந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எக்ஸ்ரேயையும் பார்த்தாள். கையைப் பிடித்து முட்டிகளைச் சேர்த்து லேசாக அழுத்தினாள். பொடிசு வலியில் துடித்தாள்.

"நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. எலும்பு இன்னும் கெடல. இப்பவே மருந்தை ஆரம்பிச்சா கை கோணாமக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான், தெரியாம தினமும் போட்டுடாதீங்க, ஆபத்து. ரத்தம் அப்பப்பச் சோதிக்கணும். குழந்தை பெத்துக்குற யோசனை வந்தா முன்கூட்டியே சொல்லணும். குமட்டினா நீங்களா நிறுத்தக் கூடாது, என்கிட்ட வரணும். சரியா?"

"சரி," என்றாள் பொடிசு.

"வீட்டுல வேற யாருக்காவது இந்த நோய் இருக்கா?"

"அம்மாவுக்கு."

"மருந்து எடுக்குறாங்களா?"

"இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டே தலையை ஆட்டினாள். "ரொம்ப நாளாச்சா? பரவாயில்ல, அடுத்த தடவை வர்றப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க. கோணினது நிமிராது. ஆனா மிச்சம் இருக்குறதையாவது காப்பாத்திடலாம்."

பொடிசு திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். காலையிலிருந்து வீடே அதிரக் கத்தியவள் இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிங்க டாக்டர்," என்றாள் சித்தி. "கூட்டிட்டு வரோம்."